ஒன்பது பேருக்கு ஒரு மேசை: நியூயார்க்கில் அக்காவின் பிறந்தநாள்

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, அக்கா புடவையும் கேட்கவில்லை, நகையும் கேட்கவில்லை. "நியூயார்க்கில் நாம் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஸ்டேக் சாப்பிட வேண்டும்" என்றாள். தடியாக வெட்டிச் சுட்ட மாட்டிறைச்சித் துண்டுதான் ஸ்டேக். இருபது வருடங்களுக்கு முன் அந்த ஊரில் இரண்டு ஆண்டுகள் தனியாக இருந்து வேலை பார்த்தவள் அவள். வேலை முடிந்து திரும்பும் வழியில் ஸ்டேக்ஹவுஸ் ஜன்னல்களுக்குள் குடும்பம் குடும்பமாகச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தபடி நடந்ததைப் பல முறை சொல்லியிருக்கிறாள். இடம் தேடும் பொறுப்பு எனக்கு வந்தது. சும்மா சொல்லவில்லை, விமான டிக்கெட் எடுப்பதற்குப் பட்ட பாட்டைவிட இதற்குத்தான் அதிகம் பட்டேன்.

நாங்கள் ஒன்பது பேர். அக்கா, அத்தான், அவர்களுடைய இரண்டு மகன்கள், சித்தி, சித்தப்பா, சித்தியின் மகன், மருமகள், நான். இதில் அத்தானும் சித்தியும் மாட்டிறைச்சியைத் தொட மாட்டார்கள். சித்தியின் மருமகள் முழுச் சைவம். சித்தப்பா சாப்பிடுவார், ஆனால் இறைச்சியில் சிவப்பு துளியும் தெரியக்கூடாது. போதாததற்கு, சித்திக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது.

எல்லோரையும் போல நானும் முதலில் பெயரைப் பார்த்துத்தான் மயங்கினேன். புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் 1887 முதல் இருக்கும் பீட்டர் லூகர் ஸ்டேக்ஹவுஸ்தான் என் முதல் தேர்வு. அங்கே போர்ட்டர்ஹவுஸ்தான் ராஜா. மாட்டின் இடுப்புப் பகுதியில் 'டி' வடிவ எலும்போடு வெட்டிய துண்டு அது. எலும்பின் ஒரு பக்கம் கடித்துச் சுவைக்க வேண்டிய ஸ்ட்ரிப், மறுபக்கம் வெண்ணெய் போல மிருதுவான டெண்டர்லாயின். கடும் சூட்டில் சுட்டு, துண்டு போட்டு, உருகிய வெண்ணெய் சலசலக்கத் தட்டோடு கொண்டுவந்து வைப்பார்கள். தட்டைச் சற்றே சாய்த்து வைப்பதால் சாறும் வெண்ணெயும் ஓர் ஓரத்தில் தேங்கும். அதைக் கரண்டியால் மொண்டு துண்டுகளின் மேல் ஊற்றுவது அங்கே ஒரு சடங்கு. கடன் அட்டை வாங்காததற்கும் பெயர் பெற்ற இடம் அது.

ஆனால் சித்தி? அவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். நான் ரொட்டி பிய்த்துத் தின்றுகொண்டு உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்" என்றார். மனதாரத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்த வார்த்தை பொறுக்கவில்லை. விருந்துக்கு அழைத்துப்போய் ஒருவரை வேடிக்கை பார்க்க வைப்பதா? அன்றே என் பட்டியலைத் தலைகீழாக்கினேன். சிறந்த ஸ்டேக் எங்கே என்று தேடுவதை விட்டுவிட்டு, ஸ்டேக் சாப்பிடாதவருக்கு எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று தேடத் தொடங்கினேன்.

நகரின் மையப் பகுதியான மிட்டவுனில் ஒரு ஸ்டேக்ஹவுஸுக்கு போன் செய்தேன். ஒன்பது பேர் என்றதும் தலைக்கு இவ்வளவு என்ற குழு மெனுதான் என்றார்கள். சாலட் மட்டும் சாப்பிடுகிறவருக்கும் அதே தொகை. கூடவே, ஒரே மேசைக்கு உறுதி தர முடியாது, நான்கும் ஐந்துமாகப் பிரித்து உட்கார வைப்போம் என்றார்கள். அக்கா கேட்டதே அந்த ஒரு மேசையைத்தான். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். 1868 முதல் நடக்கும் ஓல்ட் ஹோம்ஸ்டெட்டின் மெனுவையும் புரட்டினேன், மனம் ஒட்டவில்லை.

ஊருக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள், அக்காவின் பெரிய மகனோடு 52-ஆவது தெருவில் நடந்தபோது கேலகர்ஸ் ஸ்டேக்ஹவுஸ் கண்ணில் பட்டது. மதுவிலக்குக் காலத்தில், 1927-இல், ரகசிய மதுக்கூடமாகத் தொடங்கிய இடம். தெருவிலிருந்தே பார்க்கும்படி கண்ணாடிக்குப் பின்னால் இறைச்சியைப் பதப்படுத்தும் குளிர் அறை. விறகுக்கட்டை போலக் கறுத்துக் காய்ந்த இறைச்சித் துண்டங்கள் வரிசை வரிசையாக இருந்தன. "கெட்டுப் போகாதா?" என்று பையன் முகம் சுளித்தான். நல்ல கேள்வி. குளிரும் காற்றோட்டமும் ஈரப்பதமும் அளவாக இருக்கும் அறையில் வாரக்கணக்கில் வைத்தால் தண்ணீர் சுண்டிச் சுவை திரளும். இறைச்சியில் இயல்பாகவே உள்ள நொதிகள் தசைநார்களைத் தளர்த்தி மிருதுவாக்கும். கறுத்த மேல்தோலைச் செதுக்கி எறிந்துவிட்டுத்தான் சமைப்பார்கள். எடையில் ஒரு பகுதி இப்படியே போய்விடுவதும் விலை ஏறுவதற்கு ஒரு காரணம். பையன் கண்ணாடியில் நெற்றி பதித்து வெகுநேரம் நின்றான்.

கடைசியில் என் மனதை வென்றது மேற்கு 36-ஆவது தெருவில் இருக்கும் கீன்ஸ். 1885-இல் ஆல்பர்ட் கீன் தொடங்கியது. அங்கே பெயர் பெற்ற பண்டம் மாட்டிறைச்சியே இல்லை, மட்டன் சாப், அதாவது எலும்போடு வெட்டிய ஆட்டிறைச்சித் துண்டு! அதைப் படித்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அத்தானுக்கும் சித்திக்கும் மாற்று ஏற்பாடாக அல்ல, அந்தக் கடையின் தலைசிறந்த உணவே கிடைக்கும்.

நேரில் பார்த்துவிடுவோம் என்று போனேன். நிமிர்ந்தால் கூரை முழுக்க நீண்ட களிமண் புகைக்குழாய்கள், 50,000-க்கும் மேல். எளிதில் உடையும் குழாயைச் சுமந்து திரியாமல் வழக்கமான விடுதியிலேயே விட்டுவைக்கும் பழைய ஆங்கிலேய வழக்கத்தின் தொடர்ச்சி. ஐன்ஸ்டீன் பெயரிலும் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் ஆண்களுக்கு மட்டுமே அனுமதி. நடிகை லில்லி லாங்ட்ரி 1905-இல் வழக்குத் தொடுத்து வென்ற பிறகுதான் பெண்களுக்குக் கதவு திறந்தது. அக்காவின் பிறந்தநாளுக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் வேறு எது?

ஒரே மேசை, படி ஏற வேண்டாத இடம், சித்தப்பாவின் மாத்திரைக்காக மாலை ஆறு மணி. மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பெரிய குழு என்றால் பல உணவகங்கள் டிப்ஸைப் பில்லிலேயே சேர்த்துவிடும் என்பதால் அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். இல்லையென்றால் தெரியாமல் இரண்டு முறை கொடுத்துவிடுவோம். வழக்கம் 18 முதல் 20 சதவீதம். நகர விற்பனை வரி 8.875 சதவீதம் தனி. ஒன்பது பேர் பில்லில் இவை இரண்டும் சேர்ந்து கணிசமாக வரும், பட்ஜெட் போடுகிறவர்கள் மறக்க வேண்டாம்.

பிறந்தநாள் அன்று, தங்கியிருந்த ஜாக்சன் ஹைட்ஸிலேயே கேக் வெட்டிவிட்டு, எஃப் ரயிலில் ஹெரால்டு சதுக்கம் வந்து இறங்கினோம். உட்கார்ந்ததும் கேரட், செலரி, ஆலிவ் நிறைந்த தட்டு வந்தது. மருமகளுக்குக் காளான், கீரை, உருளைக்கிழங்கு. எதிலும் இறைச்சிச் சாறு சேராமல் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம்.

போர்ட்டர்ஹவுஸைப் பகிர்ந்து சாப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு துண்டு, ஒரே பதம். அதனால் இரண்டு வாங்கினோம். அக்காவுக்காக உள்ளே 55 டிகிரி செல்சியஸ் அளவில் எடுத்த இளஞ்சிவப்புப் பதம் ஒன்று, சித்தப்பாவுக்காக நன்றாக வெந்தது ஒன்று. முதல் தட்டைப் பார்த்ததுமே சித்தப்பா "ரத்தம்" என்றார். ரத்தம் இல்லை, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தின் நிறம் என்று அக்காவின் சின்ன மகன் விளக்கினான். சித்தப்பா தலையாட்டிவிட்டுத் தன் தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

மட்டன் சாப் வந்தபோது மேசையே ஒரு கணம் அமைதியானது. அத்தனை பெரிது, ஒரு துண்டே ஏறக்குறைய முக்கால் கிலோ. ஓரத்தில் கொழுப்பு பொன்னிறமாக முறுகியிருந்தது. சித்தியும் அத்தானும் பகிர்ந்துகொண்டார்கள். சித்தி முதலில் முள்கரண்டியோடு தயங்கினார், பிறகு எலும்பைக் கையில் எடுத்துவிட்டார். "பஞ்சு மாதிரி இருக்கிறது, இந்தா, நீ பிடி" என்று எனக்கு ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தார்.

பெரிய தட்டுகள் காலியாகிக்கொண்டிருந்தன. அக்காவின் தட்டில் கடைசி இளஞ்சிவப்புத் துண்டு ஒன்று மிஞ்சியிருந்தது. சித்தப்பா அதையே சிறிது நேரம் பார்த்தார். "அதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளேன், ருசி பார்க்கிறேன்" என்றார். அக்கா அதை அவர் தட்டில் வைத்து, தேங்கியிருந்த சாற்றையும் ஒரு கரண்டி மொண்டு மேலே ஊற்றினாள்.