போனைத் தொடும் இடங்கள்

"ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா?" என்ற கேள்வியோடுதான் மொபைல் ஆப் பற்றிய பெரும்பாலான மீட்டிங்குகள் தொடங்கும். ஒரே கோடில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப் செய்ய உதவும் ஃப்ரேம்வொர்க்குகள் (ஆப் கட்டும் கருவித்தொகுப்புகள்) இவை; முன்னதன் மொழி டார்ட், பின்னதன் மொழி ஜாவாஸ்கிரிப்ட். அறைக்குள் வரும்போதே ஆளாளுக்கு ஒரு கட்சி எடுத்திருப்பார்கள். வெப் டீமிலிருந்து வந்தவர், "ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த ஆட்கள் கையில் இருக்கும்போது டார்ட் எதற்கு?" என்பார். டிசைனர், "ஃப்ளட்டரில் எல்லாப் போனிலும் ஒரே மாதிரி தெரியும்" என்பார். மூலையில் இருக்கும் ஆண்ட்ராய்டு ஆள், கோட்லின் மொழியில் எழுதியதை ஐபோனுக்கும் பகிரும் வழியான "கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு லேப்டாப்பில் தலையைக் கவிழ்த்துக்கொள்வார். மூவர் சொல்வதும் சரிதான். அதனாலேயே அந்த விவாதம் முடிவதில்லை.

என் வழக்கம் வேறு. ஃப்ரேம்வொர்க்கின் பெயரை யாரும் எடுக்குமுன் ஒரு பட்டியல் கேட்பேன்: இந்த ஆப் போனை எங்கெல்லாம் தொடுகிறது? கேமரா, லொக்கேஷன், ப்ளூடூத், புஷ் நோட்டிஃபிகேஷன், கைரேகை, திரை அணைந்த பிறகும் பின்னணியில் நடக்க வேண்டிய வேலை. லாகின், லிஸ்ட், ஃபார்ம், செட்டிங்ஸ் போன்ற திரைகள் எதில் எழுதினாலும் வந்துவிடும். அவற்றை வைத்து ஃப்ரேம்வொர்க்குகளை ஒப்பிடுவது நேர விரயம். பட்டியல் ஏறக்குறைய காலியாக இருந்தால் ஆப்பே வேண்டுமா என்றும் கேட்டுவிடுவேன். 2023-இல் ஐஓஎஸ் 16.4 வந்ததிலிருந்து, ஹோம் ஸ்கிரீனில் சேர்த்த வெப் ஆப்புக்குக்கூட ஐபோனில் புஷ் வருகிறது. இப்படிக் கேட்பதால் சேல்ஸ் ஆட்களுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இந்தப் பட்டியலின் அருமை தெரிந்தது ஒரு களப்பணி ஆப்பில். ஊழியர் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுக்க வேண்டும், இடுப்பில் மாட்டியிருக்கும் ப்ளூடூத் பிரின்டரில் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும், சிக்னல் இல்லாவிட்டால் போனிலேயே சேமித்து வைத்துப் பிறகு அனுப்ப வேண்டும். திரைகள் மிகச் சாதாரணம். சிக்கல் முழுக்கப் பிரின்டரில். தயாரிப்பாளர் ஆண்ட்ராய்டுக்கு ஓர் எஸ்டிகே (பிரின்டரோடு பேசும் தயார் கோடு), ஐஓஎஸ்ஸுக்கு ஓர் எஸ்டிகே என்று கொடுத்திருந்தார். ஃப்ளட்டருக்கும் ரியாக்ட் நேட்டிவுக்கும் அதை இணைத்துக் கொடுக்கும், யாரோ நல்ல மனிதர்கள் எழுதிப் போட்ட பிளகின்கள் இருந்தன. "பிளகின் இருக்கிறது" என்று பட்டியலில் டிக் அடித்துவிட்டு நகரப் பார்த்தார்கள். நான் அந்தப் பிளகினின் கோடு இருக்கும் ரெப்போவைத் திறந்து காட்டச் சொன்னேன்.

கடைசி மாற்றம் நடந்து ரொம்ப நாளாகியிருந்தது. திறந்து கிடந்த இஷ்யூக்களில் (பயன்படுத்தியவர்களின் புகார்களில்) பாதி ஒரே புலம்பல்: ஆண்ட்ராய்டு 12-இல் ஆப் கிராஷ் ஆகிறது. காரணம் எளிது. அதுவரை ப்ளூடூத் சாதனங்களைத் தேட லொக்கேஷன் அனுமதி போதுமானதாக இருந்தது. ஆண்ட்ராய்டு 12 ஸ்கேன் செய்வதற்கும் இணைப்பதற்கும் தனித்தனி அனுமதிகளைக் கொண்டுவந்து, ஓடும் நேரத்தில் பயனரிடம் கேட்க வேண்டும் என்றது. பிளகின் அதைக் கேட்கவில்லை, ஆப் செத்துப்போகிறது. பழைய டார்கெட்டிலேயே, அதாவது பழைய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு எழுதிய ஆப் என்றே அறிவித்து, இருந்துவிடலாமே என்றால் அதற்கும் வழியில்லை. எந்த ஏபிஐ லெவலை (ஆண்ட்ராய்டு பதிப்பின் எண்ணை) டார்கெட் செய்ய வேண்டும் என்ற கணக்கைப் ப்ளே ஸ்டோர் வருடா வருடம் உயர்த்திக்கொண்டே போகிறது. அதை எட்டாவிட்டால் அப்டேட்டே போட முடியாது.

ஐபோன் பக்கம் இன்னும் சுவாரசியம். அந்தப் பிரின்டர் பேசுவது பழைய கிளாசிக் ப்ளூடூத்தில், சீரியல் போர்ட் முறையில். ஐஓஎஸ் அதைச் சாதாரண ஆப்புக்குத் திறந்து விடுவதில்லை. சாதனம் ஆப்பிள் சான்றளிக்கும் எம்எஃப்ஐ திட்டத்தில் சேர்ந்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிஎல்இ எனும் குறைந்த மின்சக்திப் ப்ளூடூத் பேச வேண்டும். இது இரண்டுமில்லை, கூடவே வந்த ஐஓஎஸ் எஸ்டிகே வேறொரு மாடலுக்கு உரியதாம். ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ், ஐபோனின் சொந்த மொழியான ஸ்விஃப்ட், எதில் எழுதினாலும் ஐபோனில் இந்தப் பிரின்டர் அடிக்காது. மாற்ற வேண்டியது பிரின்டர் மாடலை. ஃப்ரேம்வொர்க் விவாதத்தில் இரண்டு மதியங்களைக் கழித்துவிட்ட குழுவுக்கு இந்தச் செய்தி இனிக்கவில்லை.

பிளகினுக்குள் எட்டிப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் இப்போது சேர்ந்திருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15-ஐயோ அதற்கு மேலோ டார்கெட் செய்யும் ஆப்புகள் 16 கேபி மெமரி பேஜ் அளவில் (மெமரியைப் பிரித்துக் கொடுக்கும் துண்டின் அளவு) ஓட வேண்டும் என்று ப்ளே ஸ்டோர் விதி வைத்தது. ஜாவா, கோட்லினில் மட்டுமே எழுதப்பட்ட பகுதிகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஆப்புக்குள் சி, சி++ வழியாக வந்த எஸ்ஓ ஃபைல்கள் (முன்பே கம்பைல் செய்த கோடு) 4 கேபி கணக்கில் கட்டப்பட்டிருந்தால் திரும்பக் கம்பைல் செய்ய வேண்டும். பிளகின் எழுதியவர் ஆளைக் காணோம், சோர்ஸ் கோடும் இல்லை என்றால் அந்த ஃபைலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சரி, ஃப்ரேம்வொர்க்குகளுக்குள் வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது. ரியாக்ட் நேட்டிவ் திரையில் போடுவது போனின் சொந்த பட்டன்களையும் டெக்ஸ்ட் பாக்ஸ்களையும். முன்பு ஜாவாஸ்கிரிப்ட் பக்கமும் போனின் சொந்த நேட்டிவ் பக்கமும் ஒரு பிரிட்ஜ் வழியாகச் செய்திகளை ஜேசன் எனும் எழுத்து வடிவமாக மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தன. வேகமாக ஸ்க்ரோல் செய்தால் அந்தப் பாலத்தில் நெரிசலாகும். 2024-இல் வந்த 0.76 பதிப்பிலிருந்து பாலம் இல்லாத புதிய ஆர்க்கிடெக்சரே இயல்பாக வருகிறது. ஆக, பழைய அனுபவத்தை வைத்துக்கொண்டு "அது ஸ்லோ" என்று சொல்பவரிடம் எந்தப் பதிப்பில் பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஃப்ளட்டர் போனின் பட்டனைக் கேட்பதே இல்லை. ஒவ்வொரு பிக்சலையும் தானே வரைகிறது. டிசைனருக்குப் பிடித்த அந்த ஒரே தோற்றம் இதனால்தான் கிடைக்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 2025-இல் ஐஓஎஸ் 26 கண்ணாடி போன்ற புதுத் தோற்றத்தோடு வந்தபோது, சிஸ்டம் பட்டன்களைப் பயன்படுத்தும் ஆப்புகள் ஆப்பிளின் பில்ட் கருவியான எக்ஸ்கோடின் புதுப் பதிப்பில் பில்ட் செய்ததும் பெருமளவு தாமாகவே மாறிக்கொண்டன. ஃப்ளட்டர் வரைந்த பட்டன் பழையபடியே நின்றது. எங்கள் டிசைனர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் பிராண்ட் நிறம்தான் அவருக்கு முக்கியம். எனக்கு இதைவிடப் பெரிய கவலை, பார்வையற்றவர்கள் பயன்படுத்தும், திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கும் வாய்ஸ்ஓவரும். திரையில் இருப்பது வெறும் ஓவியம் என்பதால், அவற்றுக்காக ஃப்ளட்டர் எங்கே என்ன இருக்கிறது என்று சொல்லும் செமான்டிக்ஸ் மரம் ஒன்றைத் தனியாகக் கட்டிக் கொடுக்கிறது. அதன் தயார் விட்ஜெட்டுகளில் (பட்டன், லிஸ்ட் போன்ற திரைத் துண்டுகளில்) இது நன்றாகவே வேலை செய்யும். நாமே வரைந்த கிராஃபிலோ ஸ்லைடரிலோ விவரத்தை நாம் எழுதாவிட்டால் ஸ்கிரீன் ரீடருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. கண்ணால் மட்டும் டெஸ்ட் செய்கிறவருக்கு இது கடைசிவரை தெரியாது.

கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் 2023 நவம்பரில் ஸ்டேபிள் ஆனது. இரண்டு பக்கமும் நேட்டிவ் ஆட்கள் ஏற்கெனவே இருக்கும் குழு, திரைகளைத் தொடாமல் லாஜிக்கை மட்டும் பகிர நினைத்தால் அதுதான் என் முதல் பரிந்துரை. மூலையில் இருந்தவர் சொன்னது வீணில்லை.

வேகத்தைப் பற்றி வாய்ச்சண்டை போடுவதை நான் விட்டுவிட்டேன். ஆப்பிலேயே கனமான திரை ஒன்றை, படங்கள் நிறைந்த நீண்ட லிஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் இரண்டிலும் எழுதி, பயனர்களிடம் இருக்கக்கூடிய மிகத் திறன் குறைந்த போனில் ஓட்டச் சொல்வேன். கட்டாயம் பயனருக்குப் போகும் ரிலீஸ் பில்டில். எழுதும்போது நாம் ஓட்டிப் பார்க்கும் டீபக் பில்டில் ஃப்ளட்டர் கோடு ஓடும்போதே கம்பைல் ஆகிறது, ரிலீஸில் முன்பே மெஷின் கோடாகிவிடுகிறது. டீபக்கில் தடுமாறுவதைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினால் அது தப்பான தீர்ப்பு. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிசெகண்ட். அந்தத் திறன் குறைந்த போனில் அதற்குள் முடிந்தால் போதும். புத்தம்புது ஐபோனில் காட்டும் டெமோவால் யாருக்கு என்ன பயன்?

மேனேஜ்மென்ட் பக்கம் "ஒரே கோடு, பாதிச் செலவு" என்றொரு நம்பிக்கை இருக்கிறது. ஐஓஎஸ் பில்டுக்கு மேக் வேண்டும். ஆப்புக்குக் கையொப்பமிடும் சைனிங் தனி, ஸ்டோரின் ரிவ்யூ தனி, ஆண்ட்ராய்டு பில்ட் கருவியான கிரேடில் தரும் தலைவலி தனி. ஏர்பிஎன்பி 2018-இல் ரியாக்ட் நேட்டிவை விட்டு விலகியதை எல்லோரும் அந்த ஃப்ரேம்வொர்க்குக்கு எதிரான சாட்சியாகக் காட்டுவார்கள். அவர்கள் அதை ஏற்கெனவே இருந்த பெரிய நேட்டிவ் ஆப்புகளுக்குள் கலந்திருந்தார்கள். விளைவு, இரண்டு தளங்களுக்குப் பதில் மூன்றைப் பராமரிக்க வேண்டிவந்தது. எனக்கு அதில் தெரிவது குழு அமைப்பைப் பற்றிய பாடம். எதை எடுத்தாலும், ஸ்விஃப்டும் கோட்லினும் படித்துப் புரிந்துகொள்ளும் ஒருவராவது இல்லாத குழுவோடு இந்த வழியில் இறங்க நான் சம்மதிப்பதில்லை.

மீட்டர் ஆப்புக்குக் கடைசியில் ஃப்ளட்டர் எடுத்தோம். பிரின்டர் மாடலை மாற்றினார்கள், பிஎல்இ பேசுவது. பழைய பிளகினைத் தூக்கிவிட்டு, தயாரிப்பாளரின் எஸ்டிகே மேல், டார்ட் கோடு அதோடு பேச, நாங்களே மெல்லிய ஒரு சேனல் எழுதிக்கொண்டோம்: இணை, அடி, நிலை சொல், துண்டி. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ரீடிங் கணக்கிடும் விதிகளையும் சிங்க் செய்யும் பகுதியையும் ஃப்ளட்டர் விட்ஜெட் எதையும் தொடாத தனி டார்ட் பேக்கேஜாக வைத்தோம். ஃப்ரேம்வொர்க்குகளும் அவற்றைச் சுற்றிய சேவைகளும் சாவதை நிறையப் பார்த்தாயிற்று. வெப் கோடை ஆப்பாகக் கட்டிக் கொடுத்த ஃபோன்கேப் பில்ட் 2020-இல் மூடப்பட்டது, சி# மொழியில் ஆப் எழுத உதவிய ஸமாரினுக்கு மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதத்தோடு ஆதரவை நிறுத்தியது, ஸ்டோருக்குப் போகாமலே ஆப்பை அப்டேட் செய்ய உதவிய கோட்புஷை நடத்திய ஆப் சென்டர் 2025 மார்ச்சில் ஓய்வு பெற்றது. நாளை டார்ட்டே போனாலும் திரைகளோடு சிக்கிக்கொள்ளாத விதிகளை வேறு மொழியில் பெயர்த்து எழுதுவது பெரிய வேலையில்லை.

எஸ்டிமேட்டில் ஒவ்வொரு வருடத்துக்கும் "பராமரிப்பு" என்று ஒரு வரி தனியாகப் போடுகிறேன். ஜூனில் ஆப்பிளின் பீட்டா, ஆகஸ்ட் இறுதியில் ப்ளே ஸ்டோரின் டார்கெட் கெடு, செப்டம்பரில் புது ஐஓஎஸ், நடுவில் ஃப்ரேம்வொர்க்கின் சொந்தப் பதிப்புகள். தொகையைக் குறைக்கச் சொல்லும்போது எல்லோருடைய விரலும் முதலில் அந்த வரிமேல்தான் போகும். டெஸ்ட்டுக்கு வாங்கும் போன்களின் எண்ணிக்கையை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அதை மட்டும் அப்படியே வைத்து அனுப்புவேன்.