மழை பெய்தால் பாடம் இல்லை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தமிழ்ப்பள்ளி. மகன் முதலாம் ஆண்டில் சேர்ந்த இரண்டாவது வாரமே டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுகிறானாம். சபைகூடலில் பின்னால் நிற்பவன் லேசாக உரசினாலும் தள்ளிவிடுகிறான். தகரக் கூரையில் மழை கொட்டினால் அன்றைக்குப் பாடமே இல்லை. "செல்லம் கூடிப்போச்சு" என்றார் மாமியார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு தடவை அடித்தும் விட்டேன்.

கிளினிக்கில் கடிதம் வாங்கி, பெரிய மருத்துவமனையில் தேதி கிடைக்க நான்கு மாதம். அங்கே தெரபிஸ்ட் அவனை ஊஞ்சலில் ஆட்டிப் பார்த்தார். என் கையில் நீளமான கேள்வித்தாள்: சட்டை லேபிள் குத்துகிறது என்பானா, நகம் வெட்ட விடுவானா, முடிவெட்டும் கடையில் அழுவானா? எல்லாவற்றுக்கும் ஆமாம். நமக்குச் சாதாரணமாகப் படும் சத்தமும் தொடுதலும் அவனுக்குப் பெரிதாகத் தெரிகின்றன, பிடிவாதம் இல்லை என்றார். வீடு வரும் வரை அந்த அடிதான் ஞாபகத்தில்.

பள்ளியில் நோயின் பெயரைக் கேட்டார்கள். அங்கேதான் சிக்கல். மனநல டாக்டர்கள் நோய்களுக்குப் பெயர் பார்க்கும் அமெரிக்கக் கையேடான, 2013இல் வந்த டிஎஸ்எம்-5இல் இதற்கென்று தனிப் பெயர் கிடையாது. ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாக வருகிறது, அவ்வளவுதான். இவனுக்கு ஆட்டிசம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓகேயூ (மாற்றுத்திறனாளி) பதிவுப் பாரத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

கடைசியில் தெரபிஸ்ட் மலாயில் எழுதிக் கொடுத்ததை நானே ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு போனேன். டீச்சர் படித்துவிட்டுப் பெயர் எதுவும் கேட்கவில்லை. "எத்தன மணிக்கு ஆரம்பிக்குதும்மா?" என்றார். இரண்டு வாரம் குறித்து வைத்தார். பெரும்பாலும் ஓய்வு முடிந்து, 10:20 வாக்கில். கேண்டீன் இரைச்சலில் நிரம்பி வருகிறான் போல.

அப்புறம் ஓய்வு முடிந்ததும் வகுப்பின் பயிற்சிப் புத்தகங்களை ஆசிரியர் அறையிலிருந்து தூக்கி வருவது அவன் வேலையானது. கனமானதைத் தூக்கினால், தள்ளினால் தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தம் கிடைத்து உடம்பு அடங்கும் என்று தெரபிஸ்ட் சொன்னதும் அதுதான். அவன் இடத்தையும் டீச்சர் சுவரோரம் மாற்றினார், முதுகுப் பக்கம் யாரும் நடமாட முடியாதபடி. மணி அடிக்க இரண்டு நிமிடம் முன்பு அவன் மேசையை விரலால் தட்டுவார். அது போதும், காதைப் பொத்தத் தயாராகிவிடுவான்.

இணையத்தில் வாங்கிய காதுமூடிதான் வீண் என்று நினைத்தேன். மற்ற பிள்ளைகள் பிடுங்கி விளையாடினார்கள், அவனுக்கோ இறுக்கம் பிடிக்கவில்லை. நாள் முழுக்கப் போடக்கூடாது என்று தெரபிஸ்டும் சொல்லியிருந்தார். போன மாதம் மழையில் அவனே பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு அரைப் பக்கம் எழுதியிருக்கிறான்.

அடுத்த ஆண்டு டீச்சர் மாறுகிறார். அந்தத் தாளைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை முதல் வரியே 10:20.