வித்துப் பொழைச்ச 22 வருஷமும் இப்ப வந்திருக்கிற குரலும்

கொடிசியா விவசாயக் கண்காட்சி முடிஞ்ச கையோட எங்க ஆபீஸ்ல ஒரு மீட்டிங் போட்டாங்க. பம்ப் செட் விக்கிற கம்பெனி, கோயம்புத்தூர்ல, பேரு வேணாம். ஹெட் ஆபீஸ்ல இருந்து வந்த தம்பி லேப்டாப்பத் திறந்து ஒரு ஆடியோவ ஓட விட்டாரு. பொண்ணு குரல், ஆனா பேசுறது ஏஐ. "வணக்கமுங்க, கண்காட்சியில நம்ம ஸ்டாலுக்கு வந்து போர் மோட்டார் விசாரிச்சீங்க, இப்ப ரெண்டு நிமிஷம் பேசலாமுங்களா"ன்னு கேக்குது. அந்த 'லாமுங்களா'வக் கேட்டதும் எனக்கு வயித்துல லேசா ஒரு புரட்டு. நான் சிவகங்கைப் பக்கத்து ஆளு, இந்த ஊருக்கு வந்து 10 வருஷம் ஆவுது, எனக்கே இன்னும் அந்த இழுவை சரியா வரல, கம்ப்யூட்டருக்கு வந்துருச்சு.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து சும்மா நோண்டிட்டு இருந்தப்ப ஒரு பழைய ஆராய்ச்சி மாட்டுச்சு. ஆக்ஸ்ஃபோர்டுல கார்ல் ஃப்ரே, மைக்கேல் ஆஸ்போர்ன்னு ரெண்டு பேரு 2013ல எழுதினது, அமெரிக்காவுல இருக்கிற 702 வேலைய வரிசைப்படுத்தி எதெத மெஷின் செய்ய வாய்ப்பிருக்குன்னு ஒவ்வொண்ணுக்கும் மார்க் போட்டிருக்காங்க. போன்ல விக்கிறவங்களுக்கு 99 சதவீதம், கடை சேல்ஸ்மேனுக்கு 92, இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்கும் அதே 92, டெக்னிக்கல் சரக்கு விக்கிற ரெப்புக்கு 25. சேல்ஸ் இன்ஜினியருக்கு ஒரு சதவீதம் கூட இல்ல, 0.41. நான் முதல்ல ஜவுளிக்கடை, அப்புறம் மெடிக்கல் ரெப், இப்ப கார்டுல சேல்ஸ் இன்ஜினியர் (படிச்சது பி.எஸ்சி விலங்கியல், அதக் கேக்காதீங்க). அதாவது தெரியாமலே 92ல இருந்து இறங்கி இறங்கி 0.41க்கு வந்து சேந்திருக்கேன். ஒரு நிமிஷம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா அது சாட்ஜிபிடி வர்றதுக்கு 9 வருஷம் முன்னாடி போட்ட கணக்கு, அதுவும் செய்ய முடியுமாங்கிற கணக்குதான், எப்ப நடக்கும்ங்கிறது அதுல கிடையாது.

அதுல எனக்கு இடிச்சது வேற ஒண்ணு. அவங்க வேலைக்கு மார்க் போட்டாங்க. ஆனா விக்கிறதுங்கிறது ஒரு தனி வேலையா மட்டுமா இருக்கு? எல்லார் வேலைக்குள்ளயும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டுல்ல இருக்கு. பேங்க்ல பாஸ்புக் என்ட்ரி போடப் போனா இன்சூரன்ஸ் பாலிசி எடுக்கச் சொல்றாங்க, ஏசி சர்வீஸ் பண்ண வர்ற பையன் கெளம்பும்போது ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டுக்கோங்க சார்ங்கிறான். எங்க வீட்டுலயே ஒரு ஆள் இருக்கா. என் மனைவி ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல அசிஸ்டன்ட் புரொபசர், எம்.இ. படிச்சவ. பிளஸ் டூ ரிசல்ட் வந்துட்டா போதும், ஒவ்வொரு வாத்தியாருக்கும் இத்தன அட்மிஷன் கொண்டு வரணும்னு சொல்லிருவாங்க, கையில ஒரு நம்பர் லிஸ்ட்டக் கொடுத்து போன் போடச் சொல்லுவாங்க. "நான் காலேஜ்ல இருந்து பேசுறேன்மா, பையன் என்ன கட் ஆஃப்"னு ஆரம்பிக்கிறதுக்குள்ள அந்தப் பக்கம் கட் பண்ணிருவாங்க, அவ போன வச்சிட்டு கொஞ்ச நேரம் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பா. இந்த வருஷம் அந்தக் காலெல்லாம் ஏஐ குரலே போட்டுக்கிச்சு. அவளுக்கு அது விடுதலை. "உங்களுக்கு என்ன பயமோ தெரியல, எனக்கு இது சாமி கொடுத்த வரம்"னு சொன்னா. அதே குரல், அதே வேலை, ஒரே வீட்டுல ஒருத்திக்கு தலைவலி போச்சு, இன்னொருத்தனுக்கு தூக்கம் போச்சு. விக்கிறத தலையில கட்டி விட்டவங்களுக்கு ஏஐ நிம்மதி, விக்கிறதையே சோறா வச்சிருக்கிறவங்களுக்குத்தான் கிலி. இத எந்தப் பட்டியல்லயும் நான் பாக்கல.

சரி ஜவுளிக்கடைக்கு வரேன். 2003ல டி.நகர்ல ஒரு பட்டுக்கடை. மெத்தை மேல உக்காந்து புடவைய எடுத்துப் போடுற சீனியர் ஒருத்தர் இருந்தாரு, அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவோம், அவருக்கு நான் எடுபிடி. அவர் விரிப்பாரு, நான் மடிப்பேன், அதான் வேலை. காலையில 9 மணிக்கு நிக்க ஆரம்பிச்சா ராத்திரி 10 வரைக்கும் நின்னுட்டே, கெண்டக்கால் நரம்பு புடைச்சது அங்கதான். (கடை ஊழியர்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு தமிழ்நாட்டுல சட்டம் வந்ததே 2021லதான், நான் அந்தத் தொழில விட்டு ரொம்ப நாளாச்சு அப்போ.) ரெண்டு வருஷம் மடிச்சேன். மடிக்கும்போது கண்ணு சும்மா இருக்காதுல்ல, எல்லாம் பாத்துக்கிட்டே இருக்கும். அம்மா ஒரு புடவையப் பாத்து நல்லாருக்குன்னு வாயால சொல்லுவாங்க, ஆனா கை வேற ஒரு புடவையோட முந்திய புடிச்சிட்டு இருக்கும், அண்ணாச்சி வாய்ப்பேச்சக் காதுல போட்டுக்கவே மாட்டாரு, அந்தக் கை புடிச்ச புடவைய மட்டும் ஓரமா ஒதுக்கி வச்சிக்கிட்டே வருவாரு, கடைசியில பில்லுக்குப் போறது அதுதான். இதெல்லாம் எனக்கு யாரும் பாடம் எடுக்கல.

இப்ப அந்தக் கடையில இருக்கிற பழைய சிநேகிதன் சொல்றான், பாதி வியாபாரம் வாட்ஸப் வீடியோ கால்லயாம், மாடல் வச்சு போட்டோ எடுக்கிறது குறைஞ்சு போச்சாம், புடவைய விரிச்சு ஒரு போட்டோ எடுத்துப் போட்டா ஏஐயே ஒரு பொண்ண உருவாக்கி கட்டி விட்டுருதாம். ஒரு தடவ அன்னப்பட்சி பார்டர் போட்ட புடவைக்கு அது கிளி மாதிரி எதையோ வரைஞ்சு வச்சிருக்கு, யாரும் கவனிக்கல, வாங்கின அம்மா பார்சலப் பிரிச்சுப் பாத்துட்டு நேரா போன் போட்டு "கிளி எங்கப்பா"ன்னு கேட்டிருக்காங்க. பணத்தத் திருப்பிக் கொடுத்தாங்களாம். கலர் கதை வேற. எம்.எஸ். புளூன்னு ஒரு நீலம், சுப்புலட்சுமி அம்மாவுக்காக காஞ்சிபுரத்துல சாயம் போட்டது, அத ஒரு போன்ல பாத்தா மயில் கழுத்து, இன்னொரு போன்ல பாத்தா ஸ்கூல் யூனிஃபார்ம்.

மெஷின் சொன்னதுக்கு யார் பொறுப்புன்னு வெளிநாட்டுல கோர்ட் வரைக்கும் போயிருச்சு. ஏர் கனடாவோட சாட்பாட் ஒரு பயணிகிட்ட துக்கத்துக்குப் போற டிக்கெட் சலுகை பத்தி தப்பா சொல்லிருச்சு, கேஸ் வந்தப்ப கம்பெனிக்காரங்க அந்த பாட்டே தனி ஆளு, அது சொன்னதுக்கு அதுதான் பொறுப்புங்கிற மாதிரி வாதாடிப் பாத்தாங்க, 2024 பிப்ரவரியில தீர்ப்பாயம் அதெல்லாம் செல்லாது, பணத்தக் கொடுன்னு சொல்லிருச்சு. எனக்குப் படிக்கும்போது சிரிப்பு. நான் டாக்டர்கிட்ட ஒரு டோஸ தப்பா சொல்லியிருந்தா அன்னைக்கே ஏரியா மேனேஜர் என் பைய வாங்கி வச்சிட்டு பஸ் ஏத்தியிருப்பாரு.

மெடிக்கல் ரெப் வேலைய பத்தி பெருசா சொல்றதுக்கில்ல. மதுரையில 7 வருஷம். டாக்டர்கிட்ட பேசுறது ரெண்டு நிமிஷம், அதுக்கு வெளிய பெஞ்சுல காத்துக் கிடக்கிறது ரெண்டு மணி நேரம், ராத்திரி ரூமுக்கு வந்து டெய்லி ரிப்போர்ட் எழுதுறது, அதுல பாதி கற்பனைன்னு எழுதுற எங்களுக்கும் தெரியும் படிக்கிற மேனேஜருக்கும் தெரியும். இப்ப அந்த ரிப்போர்ட்ட வச்சுத்தான் அடுத்து எந்த டாக்டரப் பாக்கணும்னு ஏஐ சொல்லுதாம். நாங்க விட்ட கதைய எல்லாம் நம்பி அது என்ன சொல்லுமோ, பாவம்.

அமெரிக்காவுல இன்னொரு ஆய்வு, 2023ல வெளிவந்தது, கஸ்டமர் சப்போர்ட்ல இருக்கிற 5,000 பேருக்கு மேல வச்சுப் பாத்திருக்காங்க. பக்கத்துல ஏஐ உக்காந்து இப்படிச் சொல்லு அப்படிச் சொல்லுன்னு எடுத்துக் கொடுத்தா சராசரியா 14 சதவீதம் வேலை கூடுது, புதுசா வந்தவங்களுக்கு 34 சதவீதம், பழைய கைகளுக்கு கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல. ஏன்னா நல்லாப் பேசுறவங்க பேச்சத்தான் அது கத்துக்கிட்டு புதுசுங்க காதுல ஊதுது. புதுப் பசங்களுக்கு நல்லதுதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அண்ணாச்சி மாதிரி ஆளுங்களோட 30 வருஷப் பேச்ச உருவி எடுத்துட்டு அவருக்கு ஒரு டீக்காசு கூட கொடுக்காம போறது என்ன நியாயம்? இத மீட்டிங்ல கேக்கணும்னு நெனச்சேன், கேக்கல. ஈஎம்ஐ இருக்கு.

இப்ப மூலனூர்க்காரர் கதை. அந்தக் குரல் ஒரு மதியத்துல கண்காட்சி லிஸ்ட் முழுக்க போன் அடிச்சு முடிச்சிருச்சு, நாங்க மூணு பேர் சேர்ந்து அடிச்சா ஒரு வாரம் ஆகும். அதுல மூலனூர்ப் பக்கத்து விவசாயி ஒருத்தர் பேருக்கு நேரா '7.5 எச்பி வேணும், அவசரம், சூடான லீட்'னு (உடனே வாங்கப் போற ஆளுன்னு அர்த்தம்) எழுதி ஸ்டார் போட்டிருந்துச்சு. சனிக்கிழமை அவரே வந்துட்டாரு, கையில மஞ்சப்பை. எங்க ட்ரெய்னி பையன், 22 வயசு, கொட்டேஷன பிரின்ட் எடுத்துட்டு ஓடி வந்தான்.

நான் உக்கார வச்சு, போர் எத்தன அடி, தண்ணி எத்தன அடியில நிக்குது, தொட்டி எவ்வளவு தூரம்னு வழக்கமா கேக்குறதக் கேட்டேன், எல்லாத்தையும் அந்தக் குரலும் கேட்டிருந்துச்சு, பதிலும் சரியாத்தான் எழுதியிருந்துச்சு. அப்புறம் சும்மா, இப்ப இருக்கிற 5 எச்பி என்னாச்சுன்னு கேட்டேன். "அது வருசத்துல ரெண்டு வாட்டி காயில் கட்டியாச்சுங்க, சின்ன மோட்டாருங்காட்டி தாங்க மாட்டீங்குதாட்ட இருக்குது"ன்னாரு. எப்ப எரிஞ்சுதுன்னேன், ரெண்டு தடவயும் ராத்திரி மோட்டார் ஓடுறப்பன்னாரு. ஸ்டார்டர் பெட்டியில வோல்ட் மீட்டர் முள்ளு எங்க நிக்கும்னு கேட்டேன், கொஞ்சம் யோசிச்சிட்டு "340ஐத் தாண்டாதுங்க"ன்னாரு. ட்ரான்ஸ்ஃபார்மர்ல இருந்து அவர் தோட்டந்தான் கடைசி லைனாம், ஸ்டார்டர் ரூம்ல இருந்து போருக்கு வேற நல்ல தூரம், அதுல மெலிசு கேபிள். வோல்டேஜ் குறைஞ்சா மோட்டார் ஆம்பியர அதிகமா இழுக்கும், சூடேறும், எரியும். இதுல 7.5 எச்பிய இறக்கினா இன்னும் அதிகமா இழுத்து, இருக்கிற வோல்டேஜும் படுத்துரும், புது மோட்டாரும் ஆறு மாசத்துல காயிலுக்குப் போயிரும். மோட்டார் வாங்காதீங்க, முதல்ல ஈபியில எழுதிக் குடுங்க, கேபிளத் தடிமனாப் போடுங்க, அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டேன்.

பையனுக்கு முகமே செத்துப் போச்சு. சிஸ்டத்துல 'விற்பனை இல்லை'ன்னு போட்டா காரணம் கேக்கும், லிஸ்ட்ல இருந்து ஒண்ணத் தேர்ந்தெடுக்கணும். விலை அதிகம், வேற கம்பெனியில வாங்கிட்டார், போன் எடுக்கல, பணம் இல்ல. ரெண்டு தடவ மேலயும் கீழயும் தள்ளிப் பாத்துட்டு "சார், நாமளே வேணாம்னு சொன்னோம்ங்கிறதுக்கு இதுல ஆப்ஷனே இல்ல"ன்னான். போன் எடுக்கலன்னு போட்டு வச்சான். அவன் இன்னும் ஒரு விவசாயிக்குக்கூட தானா போன் போட்டதில்ல, திட்டு வாங்கினதில்ல, நேரா சூடான லீட்லதான் ஆரம்பிச்சிருக்கான். மடிக்கிற வேலையே இல்லாம எப்படி விரிக்கக் கத்துக்குவான்னு எனக்குத் தெரியல.

பெரியவர் எந்திரிச்சாரு, ஆனா கெளம்பல. ஆபீஸ சுத்தி முத்தி பாத்தாரு. "ஏனுங்க, அந்த அம்மிணி இல்லீங்களா? போன்ல பேசுச்சே. நான் ரெண்டு வாட்டி மாத்தி மாத்திச் சொன்னேன், ஒருக்கா கூட சலிச்சுக்கலீங்க, நல்ல வளர்ப்பு"ன்னு சொல்லி மஞ்சப்பைய டேபிள் மேல வச்சாரு. உள்ள ஒரு கட்டு முருங்கைக்காய், காலையில பறிச்சது, அந்தப் புள்ளைக்குன்னு கொண்டாந்திருக்காரு. நான் வாயத் திறக்குறதுக்குள்ள ட்ரெய்னி முந்திக்கிட்டு "அவங்க இன்னைக்கு லீவுங்கய்யா"ன்னுட்டான். நான் திருத்தியிருக்கணும். திருத்தல. அவர் தலையாட்டிட்டு செருப்ப மாட்டிட்டுப் போயிட்டாரு.

முருங்கைக்காய மூணு பேரும் பிரிச்சுக்கிட்டோம், எங்க வீட்டுல ரெண்டு நாள் சாம்பார்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவர்கிட்ட இருந்து போன். 'போன் எடுக்கல'ன்னு போட்டோம்ல, சிஸ்டம் தானா மறுபடி அந்தக் குரல விட்டு அடிச்சிருக்கு. "அம்மிணி லீவு முடிஞ்சு வந்திருச்சாட்ட இருக்குதுங்களே"ன்னு ஆரம்பிச்சாரு, "காய் நல்லா இருந்துச்சா கண்ணுன்னு கேட்டேனுங்க, அதுக்கு ஒண்ணுஞ்சொல்லாம மோட்டார் எப்ப வேணும், எப்ப வேணும்னே கேக்குது."