வாசரைப் பார்க்காமல் ஸ்பிரிங்கை மாற்றாதீர்கள்

கோயில் கொடையில் ஒரு பக்கம் வில்லுப்பாட்டு, இன்னொரு பக்கம் பலூன் சுடுகிற தட்டி. அந்தத் தட்டியில் சாய்த்து வைத்திருக்கிற காற்றுத் துப்பாக்கியும், ஜெர்மனியில் ராஸ்டாட் ஊரில் செய்த பழைய டயானா துப்பாக்கியும் உள்ளே ஒரே சாதிதான். ஒரு சிலிண்டர், ஒரு பிஸ்டன், அதன் முதுகில் ஒரு ஸ்பிரிங், முன்னால் ஒரு தோல் வாசர். குழலை மடக்கினால் ஸ்பிரிங் சுருங்கிக் கொக்கியில் மாட்டும். விசையை இழுத்தால் பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்கும், அந்தக் காற்று மூன்று மி.மீ. அளவுள்ள ஒரு துளை வழியாகப் போய் ஈயக்குண்டைத் தள்ளும். மேல் கட்டையும் இரும்பின் தரமும்தான் வேறுபடும்.

திருநெல்வேலிச் சீமையில் பரணிலிருந்து இறங்குகிற பழைய துப்பாக்கிகளில் பெரும்பாலானவை டயானா 27, 35 மாதிரியைப் பார்த்து நம் நாட்டிலேயே செய்தவை. எப்போதாவது அசல் டயானா வரும், அபூர்வமாக பிஎஸ்ஏ என்கிற இங்கிலாந்துத் துப்பாக்கி வரும். அசல் டயானாவில் சிலிண்டரின் பின்பகுதியில் மாதமும் வருடமும் சிறிய எண்களாகக் குத்தியிருக்கும். 08 65 என்றிருந்தால் 1965 ஆகஸ்ட். பிஎஸ்ஏ ஏர்ஸ்போர்ட்டர் 1948-இல் வந்தது. அதில் குழல் மடங்காது, அடியில் ஒரு நெம்புகோல் இருக்கும். திருகுகிற குழாய் மாதிரி ஒரு அடைப்பானில் குண்டைப் போட வேண்டும். அந்த அடைப்பான் தேய்ந்திருந்தால் காற்று கசியும், அதைச் சரி செய்வது பெரிய வேலை. முதல் துப்பாக்கியாக அதை வாங்காதீர்கள்.

வாங்கும்போது விலை பேசுவதற்கு முன் குழலை மடக்கிப் பாருங்கள், ஆனால் குழலின் நுனியைக் கைவிடாதீர்கள். கொக்கி தேய்ந்த துப்பாக்கியில் குழல் அப்படியே சுண்டி மேலே வரும். நடுவில் விரல் இருந்தால் நசுங்கும், குழலும் வளையும். குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிகிற வளையங்கள் ஒரே மையத்தில் இருந்தால் குழல் நேர். ஒரு பக்கம் ஒதுங்கித் தெரிந்தால் யாரோ மடங்கிய நிலையில் விசையைத் தட்டியிருக்கிறார்கள். பலூன் தட்டியில் ஓய்ந்து வந்தவற்றில் பலவற்றுக்கு, குண்டைச் சுழற்றிவிடக் குழலுக்குள் வெட்டியிருக்கிற உள்வரிகளே தேய்ந்து போயிருக்கும். சுவரில் மாட்டி அழகு பார்க்க அது போதும், குறி பார்க்க உதவாது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத குண்டின் ஆற்றலும் இருந்தால்தான் உரிமம் வேண்டாம். 5.5 மி.மீ. குழலுள்ள பழைய துப்பாக்கி எவ்வளவு அழகாக இருந்தாலும் உரிமம் இல்லாமல் தொடாதீர்கள். கூந்தன்குளம் பக்கத்துக் குளக்கரைக்கோ களக்காடு முண்டந்துறைக் காட்டுக்கோ இதை எடுத்துக்கொண்டு போவது நேராக வனத்துறை வழக்கில் முடியும். கொக்கு, மயில், மடையான் எதன் மீதும் நீட்டக்கூடாது. சுடுவதற்கு அட்டை இருக்கிறது.

இனி பிரிக்கிற வேலை. முதலில் கட்டையிலிருந்து இரும்பைக் கழற்றுங்கள். முன்பக்கம் இரண்டு திருகு, விசைக்காப்பில் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஸ்பிரிங் ஓய்வு நிலையிலேயே ஓரளவு அமுங்கித்தான் உட்கார்ந்திருக்கும். பின்மூடியைப் பிடித்திருக்கிற ஊசிகளைச் சும்மா தட்டி எடுத்தால் மூடி நெஞ்சைப் பார்த்து வரும். தச்சர்கள் கதவுச் சட்டம் ஒட்டப் பிடிக்கிற நீளமான கிளாம்ப் ஒன்று போதும். ஒரு முனை குழல் பக்கம், மறுமுனை பின்மூடியில், நடுவில் ஒரு மரக்கட்டை. லேசாக இறுக்கிய பின் ஊசிகள் தாமாகத் தளரும். ஊசியை எடுத்து, கிளாம்பை மெதுவாகத் திருகித் தளர்த்துங்கள். டயானா 27-இல் கொக்கிக்குப் பதில் மூன்று எஃகு உருண்டைகள் இருக்கும். தாம்பாளத்தில் ஒரு துண்டை விரித்து அதன் மேல் வைத்தே பிரியுங்கள். தரையில் உருண்டு கட்டிலுக்கடியில் போனால் அரை நாள் போச்சு. திரும்ப மாட்டும்போது கிரீஸ் தடவி ஒட்டவைத்தால் மூன்றும் இடத்தில் நிற்கும்.

வேகம் குறைந்த துப்பாக்கியைப் பார்த்ததும் எல்லாரும் ஸ்பிரிங் செத்துவிட்டது என்கிறார்கள். பத்தில் ஏழெட்டில் குற்றவாளி வாசர்தான். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பரணில் கிடந்த தோல் காய்ந்து, சுருங்கி, அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். பிஸ்டனை மட்டும் சிலிண்டருக்குள் போட்டு, முன்துளையை விரலால் அடைத்துத் தள்ளிப் பாருங்கள். காற்று மெத்தை போல் எதிர்த்து நிற்க வேண்டும். தடையில்லாமல் போய் முட்டினால் வாசர் போய்விட்டது.

சைக்கிள் பம்பு வாசர் சில துப்பாக்கிகளுக்கு அளவு ஒட்டி வரும். ஆனால் தோல் மெல்லியது, நூறு சுடுவதற்குள் உதடு உள்ளே மடங்கிவிடும். செய்துகொள்வதே நல்லது. செருப்பின் அடித்தோல், அதாவது மரப்பட்டையில் பதனிட்ட கெட்டியான தோல், 3 மி.மீ. கனம். ஆவாரம்பட்டைத் தோல் என்று கேட்டால் பழைய ஆட்களுக்குப் புரியும். மேல்தோலுக்குப் போடுகிற மெத்தென்ற குரோம் தோல் இழுபடும், வேண்டாம். சிலிண்டர் உள்விட்டம் 25 மி.மீ. என்றால் 38 மி.மீ. வட்டம் வெட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் தோல் வெந்து கொம்பாகிவிடும். 25 மி.மீ. துளையுள்ள ஒரு கட்டை, 19 மி.மீ. உருளை ஒன்று. தோலைத் துளை மேல் வைத்து உருளையால் அழுத்தினால் கிண்ணமாக இறங்கும். கடைசல் பட்டறையில் இந்த இரண்டையும் மரத்திலேயே செய்து தருவார்கள். நிழலில் இரண்டு நாள் காயட்டும். பிறகு உதட்டை 6 மி.மீ. உயரத்துக்குச் சமமாகச் சீவுங்கள். நடுவே துளையிட்டு, பிஸ்டனில் மாட்டுகிற திருகு தலை தோலுக்குள் பதிகிற மாதிரி இறுக்குங்கள். அந்தத் திருகு தளர்ந்து முன்னால் துருத்தினால் ஒவ்வொரு சுடுக்கும் சிலிண்டர் முகத்தில் இரும்பு இடிக்கும்.

எண்ணெய் விஷயத்தில்தான் நம் ஆட்கள் துப்பாக்கியைக் கொல்கிறார்கள். முன்துளையில் சைக்கிள் ஆயிலோ மண்ணெண்ணெயோ ஊற்றினால் ‘டப்’பென்று வெடிச்சத்தம், புகை, கருகல் வாடை வரும். பலூன்காரர்கள் அதைச் சக்தி என்று நினைத்துச் சந்தோஷப்படுவார்கள். காற்று நெருங்கும் சூட்டில் எண்ணெய் ஆவி தீப்பற்றுகிறது, டீசல் எஞ்சின் மாதிரி. பிஸ்டன் பின்னால் உதைபட்டு ஸ்பிரிங் உடையும், தோல் கருகும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், தென்காசிப் பக்கம் மார்கழி காலையில் பிஸ்டன் நகராது. நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகும். குதிரைச் சேணத்துக்குத் தடவுகிற மாட்டுக்குளம்பு எண்ணெய் கிடைத்தால் அதுவே சிறந்தது, கிடைக்காவிட்டால் விளக்கெண்ணெய் பரவாயில்லை. ஓர் இரவு ஊறவிட்டு, துணியால் பிழிந்து துடைத்து மாட்டுங்கள். அதன் பிறகு ஐந்நூறு சுடுக்கு ஒரு முறை அதே எண்ணெய் முன்துளையில் இரண்டு சொட்டு. துப்பாக்கியை இரவெல்லாம் நிமிர்த்தி வைத்தால் தோல் குடித்துக்கொள்ளும்.

வாசர் சரியான பிறகும் சோர்ந்திருந்தால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். கண்ணாடி மேல் உருட்டினால் நேராக ஓட வேண்டும், தள்ளாடினால் வளைந்துவிட்டது. குழலை மடக்கிக் கொக்கியில் மாட்டிய நிலையிலேயே மணிக்கணக்கில் வைப்பதுதான் இதற்கு முதல் காரணம். புதியது வாங்கினால் சுற்றுகளை எண்ணுங்கள். 3 மி.மீ. கம்பி, 32 சுற்று என்றால் முழுதாக அமுங்கினால் 96 மி.மீ. இருக்கும். குழலை முழுக்க மடக்கியபோது உள்ளே இருக்கிற இடம் அதைவிட 5 மி.மீ.யாவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கொக்கி மாட்டாது. மாட்டவில்லையே என்று முட்டுக்கொடுத்து அழுத்தினால் குழலையும் பிஸ்டனையும் இணைக்கிற கம்பி வளையும். வெட்டிய முனையைத் தட்டையாகச் சாணை பிடிக்காமல் போட்டால் பிஸ்டன் ஒரு பக்கம் சாய்ந்து சிலிண்டரைக் கீறும்.

கனமான ஸ்பிரிங் போட்டால் வேகம் கூடும் என்பது பாதிப் பொய். 25 மி.மீ. உள்விட்டமும் 60 மி.மீ. ஓட்டமும் உள்ள சிலிண்டரில் இருப்பது ஏறக்குறைய 29 சி.சி. காற்றுதான். அதற்கு மேல் இடித்தால் பிஸ்டன் காற்றில் மோதித் திரும்பித் துள்ளும், கட்டையில் விரிசல் விழும், திருகுகள் தளரும். குண்டின் வேகம் சொற்பமே கூடும்.

சுடும்போது ‘ட்டொய்ங்’ என்று ஸ்பிரிங் அதிர்கிறதா? ஸ்பிரிங்குக்குள் நிற்கிற நடுக்கம்பி, அதாவது கைடு, ஒல்லியாக இருக்கிறது. லேத் பட்டறையில் நைலானில் புதிதாகக் கடைந்து வாங்கலாம். எண்ணாகச் சொன்னால் குழப்பம் வரும், ஸ்பிரிங்கையே கையில் கொடுத்து, “அண்ணாச்சி, கையால தள்ளுனா போகணும், கவுத்தா தானா விழக்கூடாது” என்று சொல்லுங்கள். அதுதான் அளவு. மாட்டும்போது பிஸ்டனின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் மாலிப்டினம் பசை மெல்லிய படலமாக, ஸ்பிரிங் மேல் கெட்டி கிரீஸ் கொஞ்சம். வாசருக்கு முன்னால் பசையோ கிரீஸோ கூடாது.

கசிவுக்கு இரண்டாவது இடம் குழல் மடங்குகிற வாயில் உள்ள சிறிய வாசர். அது முகத்தைவிட அரை மி.மீ. துருத்தியிருக்க வேண்டும். மூடிய வாயின் மேல் மெல்லிய காகிதத் துணுக்கை வைத்துச் சுடுங்கள். காகிதம் பறந்தால் கசிகிறது. ஒரு காகித வளையத்தை வாசருக்கடியில் வைத்து உயர்த்தினாலே பல நேரம் சரியாகிவிடும். மடங்கும் திருகையும் பாருங்கள். மடக்கிய குழலைப் பாதியில் விட்டால் அங்கேயே நிற்க வேண்டும், தொங்கினால் தளர்வு. அதன் பூட்டுத் திருகை முதலில் கழற்றாமல் பெரிய திருகைத் திருகினால் பல்லே போய்விடும்.

வேகம் அளக்க மிஷின் வேண்டாம், செல்போனின் ஒலிப்பதிவு போதும். பத்து மீட்டரில் தகரப்பலகை, போன் துப்பாக்கிப் பக்கத்தில். சுட்ட சத்தத்துக்கும் தகரச் சத்தத்துக்கும் இடைவெளி 0.0893 நொடி என்றால், தகரச் சத்தம் திரும்பி வர எடுத்த 0.0287 நொடியைக் கழியுங்கள். மீதி 0.0606. பத்தை அதனால் வகுத்தால் நொடிக்கு 165 மீட்டர், வழி நெடுகிலும் உள்ள சராசரி. 0.53 கிராம் குண்டுக்கு அது சுமார் 7.2 ஜூல். பத்து சுட்டு, எல்லாம் 5 மீட்டர் வித்தியாசத்துக்குள் இருந்தால் தோல் வாசருக்கு அது நல்ல மதிப்பெண். புதுத் தோல் படிய ஐம்பது அறுபது குண்டு ஆகும், அதற்குள் அளந்து ஏமாறாதீர்கள். குண்டில்லாமல் வெறுமனே சுடவும் கூடாது, தடுக்கக் காற்று இல்லாமல் பிஸ்டன் முன்சுவரில் நேராக இடிக்கும்.

ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னால் உதைத்து, பிஸ்டன் நின்றதும் முன்னால் துள்ளும். குண்டு குழலை விட்டுப் போவதற்குள் இந்த ஆட்டம் தொடங்கிவிடும். அதனால்தான் கொடையில் பலகை மேல் ஊன்றிச் சுடுகிறவர்களுக்கு குண்டு மேலே போகிறது. உள்ளங்கையில் லேசாகக் கிடத்தி, தோளில் இறுக்காமல், ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் பிடியுங்கள்.

சுட்டு முடித்ததும் கைபட்ட இரும்பை எல்லாம் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். உவரி, கூடங்குளம் பக்கம் கடற்காற்றில் வியர்வை ரேகை ஒரே வாரத்தில் துருவாகிவிடும். ரெக்சின் உறையில் போட்டுப் பூட்டினால் ஐப்பசி மழையில் உள்ளேயே வியர்க்கும். பருத்தித் துணியில் சுற்றி, ஸ்பிரிங் ஓய்வு நிலையில், சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள்.