கரகரத்த வால்யூம்

அப்பா காலத்து ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று வீட்டில் இருக்கிறது. வால்யூமைத் திருகினால் கரகரவென்று சத்தம். கால்வாசி திருகியதும் இடது ஸ்பீக்கர் ஊமையாகிவிடும், இன்னும் கொஞ்சம் திருகினால் திரும்ப வரும். வால்யூம் கன்ட்ரோல்தான், அதாவது மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டர்தான் (சுருக்கமாக பாட்) போய்விட்டது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கழற்றி எறிவதற்கு முன் அளந்து பார்த்துவிடலாமே என்று மல்டிமீட்டரை எடுத்தேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தேன். ஸ்டீரியோ என்பதால் ஒரே தண்டில் இரண்டு பாட், மூன்று மூன்றாக ஆறு கால்கள். உடம்பில் ஏ50கே என்று அச்சடித்திருந்தது; 50 கே என்றால் 50 கிலோ ஓம் மின்தடை. மீட்டரை 20 கே ரேஞ்சில் வைத்து ஓரக்கால்கள் இரண்டையும் தொட்டேன். திரையின் இடது ஓரத்தில் ஒற்றை 1 மட்டும் நின்றது, அளவு ரேஞ்சைத் தாண்டினால் வருவது. அறுந்துவிட்டதாகவே முடிவு கட்டினேன். அப்புறம்தான் உறைத்தது: 50 கே பாட்டை 20 கே ரேஞ்சில் அளந்தால் வேறு என்ன காட்டும்? 200 கே-க்கு மாற்றினேன். 31 வந்தது. மற்றொரு வரிசையில் 33. இதுவும் இடிக்கிறதே!

தெருமுனையில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் அண்ணனிடம் கேட்டேன். "போர்டுல இருக்கும்போதே அளந்தியா? கழட்டிட்டு அளந்து பாரு தம்பி" என்றார். விஷயம் எளிதானதுதான். போர்டில் இருக்கும் மற்ற ரெசிஸ்டர்களும் பக்கவாட்டுப் பாதையாகச் சேர்ந்துகொள்வதால் அளவு குறைந்துதான் தெரியும். ஆறு கால்களிலும் ஈயத்தை உருக்கி எடுத்து பாட்டை வெளியே கொண்டுவர எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இப்போது ஓரக்கால்களுக்கு இடையே 47.2 கே, இன்னொன்றில் 49.1 கே. இந்த வகை பாட்களில் 20 சதவீதம் ஏறக்குறைய இருப்பது சகஜம். ஆக, ஓரங்கள் சரி.

அடுத்தது நடுக்கால், அதாவது தண்டைத் திருகும்போது கார்பன் பட்டைமேல் நகரும் நுனியோடு சேர்ந்த கால். மீட்டரின் ஒரு புரோப் (கம்பி முனை) ஓரக்காலில், இன்னொன்று நடுக்காலில். முழுக்க இடப்பக்கம் திருகினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில், முழுக்க வலப்பக்கம் திருகினால் 47. பாதியில் நிறுத்தினேன். 25 வரும் என்று பார்த்தால் 7.6! மறுபடியும் பதறினேன். அண்ணன் சிரித்தார். பாட்டின்மேல் இருந்த ஏ-வைத்தான் நான் கவனிக்கவில்லை. இப்போது கடைகளில் கிடைப்பவற்றில் ஏ என்றால் லாக் (முதலில் மெதுவாக, பிறகு வேகமாக ஏறுவது), பி என்றால் லீனியர் (ஒரே சீராக ஏறுவது). நம் காது சத்தத்தை உணர்வது நேர்கோட்டில் இல்லை என்பதால் வால்யூமுக்கு லாக் போடுகிறார்கள். பாதித் திருகலில் மொத்தத்தில் 10 முதல் 20 சதவீதம்தான் வரும். நடுக்காலில் இருந்து மறுபக்கத்தை அளந்தேன், 39.5. இரண்டையும் கூட்டினால் 47.1. கணக்கு இடிக்கவில்லை.

எல்லாம் சரியென்றால் கரகரப்பு எங்கிருந்து வருகிறது? திருகும்போது என் டிஜிட்டல் மீட்டரில் எண்கள் தாவிக்கொண்டிருந்தன. நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் அது திரையைப் புதுப்பிக்கும், நடுவில் நடப்பது தெரியாது. அண்ணனின் பழைய முள் மீட்டரை வாங்கிவந்தேன். இரண்டு புரோப்களையும் ஒட்டவைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குச் சரிசெய்து, தண்டை நத்தை வேகத்தில் திருகினேன். முள் வழுக்கிக்கொண்டே போய், கால்வாசியில் சட்டென்று, தொடர்பு அறுந்ததைக் காட்டும் இடது ஓரத்துக்குப் பாய்ந்து திரும்பியது. அங்கேதான் நடுக்காலின் நுனி கார்பன் பட்டையை விட்டு விலகுகிறது. நாங்கள் வழக்கமாக வைக்கும் சத்தத்தின் இடமும் அதுதான். அதே இடத்தில் வருடக்கணக்காகத் தேய்ந்திருக்கிறது.

அழுக்கு நீக்கும் கான்டாக்ட் கிளீனரை உள்ளே பீய்ச்சி முப்பது முறை திருகினேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழைய கதை. அழுக்காக இருந்தால் கிளீனர் போதும். தேய்ந்துபோன பட்டையை அது என்ன செய்யும்?

சென்னை போனபோது எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் புதிதாக வாங்கினேன். கடைக்காரர் கேட்கும் முன்பே, "ஏ, 50 கே, ஸ்டீரியோ" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து பொருத்தும் முன் முள் மீட்டரில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். முள் எங்கேயும் துள்ளவில்லை. ஆனால் தண்டு எந்த வகை என்று பார்க்காமல் வந்துவிட்டேன். பழையது பல் வெட்டிய தண்டு, புதியது ஒரு பக்கம் தட்டையானது. அப்பாவின் அலுமினியக் குமிழ் இதில் ஏறவில்லை. இப்போதைக்கு மொட்டைத் தண்டைப் பிடித்துத்தான் திருகுகிறோம்.