அம்மாவின் கசெற் கடிதங்கள்: அசிமத்தும் வேகமும் பிடிபட்டன

அம்மாவின் பழைய கசெற் கடிதங்களைக் கணினிக்கு மாற்றும் வேலையில், முதல் கசெற்றின் ஏ பக்கம் முழுதாகச் சரிவந்துவிட்டது. நோய்க்கு முந்தின அம்மாவின் குரல், அவர் கதைத்த அதே வேகத்தில், அதே சுருதியில். கைபேசிகளில் மிஞ்சியிருப்பதெல்லாம் கீமோவுக்குப் பிறகான, மூச்சு வாங்குகிற குரல்தான். புற்றுநோய் கொண்டுபோன அம்மாவைப் பேரப்பிள்ளைகள் அந்தக் குரலில் மட்டும்தான் அறிவார்கள். இவை 1980களின் கடைசியில் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு, போகிற ஆட்களின் கையில் அவர் கொடுத்துவிட்ட சி-60 கசெற்றுகள். அம்மம்மா ஒன்றைக்கூட எறியாமல் வைத்திருந்தது பெரும் புண்ணியம்.

நாடாவைப் படிக்கிற ஹெட்டைத் துடைப்பது, டொல்பி என்ற இரைச்சல் குறைப்பை நிறுத்துவது, சாதாரண நாடாவுக்குரிய 120 மைக்ரோசெகண்ட் நிலையில் டெக்கை வைப்பது எல்லாம் தெரிந்ததே. கசெற்றின் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் துண்டுகள் இரண்டையும் உடைத்துவிட்டுத் தொடங்குங்கள். கை தவறி ரெக்கோட் பட்டனில் பட்டால் அந்தக் குரல் போனதுதான்.

இனி அசிமத், அதாவது நாடாவுக்கு எதிரே ஹெட் நிற்கிற சரிவு. மலிவான மோனோ ரெக்கோடரின் ஹெட் எந்தச் சரிவில் இருந்ததோ, அந்தச் சரிவில்தான் குரல் பதிந்திருக்கும். உங்கள் டெக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதன் ஹெட் வேறு சரிவில் நின்றால் ‘சுகம்’, ‘பஸ்’ எல்லாவற்றிலும் ‘ஸ்’ மங்கிப்போகும். போர்வைக்குள் இருந்து கதைப்பதுபோலக் கேட்கும். நாடா பழசு என்று நினைத்து ட்ரெபிளைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். ஹெட்டில் தொலைந்ததை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது.

டெக்கின் கதவு மூடியைக் கழற்றி, நாடா ஓடும்போதே, ஹெட்டின் ஓரத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் திருகாணியைத் திருப்பவேண்டும். மற்றத் திருகாணியைத் தொடவே வேண்டாம். காந்தம் ஏறாத ஸ்குரூட்ரைவர் அவசியம். பழைய நிலையை மார்க்கரால் குறித்துவிட்டு, ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் போகாதீர்கள். இரண்டு சானலையும் மோனோவாகக் கலந்து ஹெட்ஃபோனில் கேட்டால் ‘ஸ்’ கூர்மையாகும் இடம் சட்டென்று தெரியும். அதைத் தாண்டிப் போய், மங்கத் தொடங்கியதும் திரும்பி நடுவுக்கு வாருங்கள். பிறகு கணினியில் 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, ஒரு ‘ஸ்’ஸைப் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். மோனோப் பதிவு என்பதால் இடது அலையும் வலது அலையும் ஒரே இடத்தில் ஏறி இறங்கவேண்டும். ஒரு சாம்பிள் 10.4 மைக்ரோசெகண்ட், அதற்குள் வந்தால் போதும். ‘ஆ’, ‘ஓ’ போன்ற ஒலிகளில் இதைப் பார்க்கவேண்டாம். அவற்றின் அலை திரும்பத் திரும்ப ஒரேமாதிரி வருவதால், ஒரு சுற்றுத் தள்ளிப் பொருந்தினாலும் சரி போலவே தோன்றும். கசெற்றைத் திருப்பிப் போட்டால் மறுபடி முதலில் இருந்து. ஆகவே திருகாணியில் நெயில் பொலிஷ் வைத்து இறுக்காதீர்கள்.

1982இல் வந்த நாகமிச்சி டிராகன் என்ற டெக் இதையெல்லாம் தானே செய்யும். அதன் இன்றைய விலைக்கு ஒரு ஸ்குரூட்ரைவரும் பொறுமையும் எவ்வளவோ மேல்.

வேகம்தான் அடுத்த சிக்கல். பெற்றரி இறங்க இறங்க ரெக்கோடர் மெதுவாக ஓடியிருக்கும். அதைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் கீச்சிடும். காதை நம்பித் திருத்தக்கூடாது, நினைவில் இருக்கிற குரல் எங்களை ஏமாற்றும். கனடாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அம்மா குசினி மேசையில் வைத்துக் கதைத்திருக்கிறார். பின்னால் பிரிட்ஜ் உறுமுவது அதன் இரட்டிப்பான 120இல் விழும். பிரதி ஒன்றை 8000 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, அவர் பேச்சை நிறுத்துகிற இடங்களில் பத்து செக்கனாவது கிடைக்கிற துண்டை எடுத்து, ஒடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் அளவை 65536 வைத்தால் 0.12 ஹெர்ட்ஸ்வரை பிரித்துக் காட்டும். அந்த உறுமல் பக்கத்தின் தொடக்கத்தில் 121, முடிவில் 124.8. ஆகவே வேகத்தைப் படிப்படியாக மாற்றுகிற டைம் ட்ராக்கில் 99.17 சதவீதத்தில் தொடங்கி 96.15இல் முடித்தாயிற்று. டெக்கின் சொந்த வேகப் பிழையும் இதிலேயே அடிபட்டுப்போகும். சரியாக 120இல் இன்னொரு முனை தெரிந்தால் அது இன்று உங்கள் வயரில் ஏறுகிற இரைச்சல். நாடாவை நிறுத்திப் பதிந்தாலும் அது அப்படியே இருக்கும், அதை அளக்காதீர்கள்.

இரைச்சல் நீக்கியைத் தொடவில்லை. அது முதலில் தின்பது, ‘பிள்ளையள்’ என்று தொடங்கமுன் அவர் இழுக்கிற மூச்சை. பிரிட்ஜும் இருக்கட்டும். 24 பிட் மூலக்கோப்பு மணிக்கு 2 ஜிபி அளவில் வருகிறது, திருத்தின பிரதி வேறாக.

அம்மம்மாவின் பதில் கசெற்றுகளுக்கு இந்த வழி சரிவராது. 1990க்குப் பிறகு பல வருடம் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை, பெற்றரியும் தடைசெய்த பொருளாக இருந்தது. ஆகவே அளக்க உறுமல் எதுவும் பதிந்திருக்காது. ஒன்றில் கோயில் மணி கேட்கிறது. மின்சாரம் இருந்த காலத்துக் கசெற்றில், 50 ஹெர்ட்ஸ் உறுமலோடு, அதே மணி அகப்பட்டால் அதன் சுருதியை அளவுகோலாக வைக்கலாம்.

பி பக்கம் இன்னும் நிற்கிறது. நாடாவை ஹெட்டில் அழுத்துகிற பஞ்சுத் துண்டு கழன்றுவிட்டது, கசெற்றின் கூடோ திருகாணி இல்லாமல் ஒட்டி மூடியது. நாடாவை மாற்றிப்போட ஐந்து திருகாணி உள்ள வெற்றுக் கூடுகள் தேவை. இணையத்தில் ‘பரிசோதித்தது’ என்று விற்கிற டெக்குகளை மட்டும் நம்பாதீர்கள். பலவற்றில் உள்ளே இருக்கிற ரப்பர் பெல்ட் உருகித் தாராக நிற்கிறது. கூடு வந்ததும் பி பக்கம், அதன்பிறகு வெள்ளைப் பூஞ்சணம் பிடித்த இரண்டும். அவற்றை வீட்டுக்குள் திறக்கக்கூடாது: முகக்கவசம் போட்டு, வெளியில் வைத்து, மெல்லிய தூரிகையால் துடைத்த பிறகுதான் டெக்குக்குள் போகும்.