பள்ளி வாசலில் முக்காட்டைக் கழற்றும் என் மகள்

ஜூலையில் பிரான்சில் பள்ளி விடுமுறை விட்டதும் கிருஷ்ணகிரிக்கு வந்துவிடுவோம், நீலம் மாம்பழம் முடிகிற நேரம். பழையபேட்டையில் அம்மா வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி, "அங்க தலையில துணி போடவே விடமாட்டாங்களாமே, எப்படிம்மா இருக்கீங்க?" என்பதுதான். வாட்ஸ்அப்பில் வருகிற பாதி உண்மையையும் பாதி பொய்யையும் நம்பிக் கேட்கிறார்கள். அதனால் அங்கே இருக்கிற நிலைமையை எழுதிவிடுகிறேன், என் கருத்தையும் சேர்த்தே.

பாரிஸ் தெருவில் நான் முக்காடு போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன். கடைக்கு, மெட்ரோவுக்கு, பூங்காவுக்கு எதற்கும் தடை இல்லை. முகத்தை மூடக் கூடாது, அவ்வளவுதான். 2010இல் சட்டம் போட்டு 2011 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள், மீறினால் 150 யூரோ வரை அபராதம். அரசுப் பள்ளியில் 2004 சட்டப்படி மாணவிகள் முக்காடு போடக் கூடாது, சீக்கியப் பையன்களின் தலைப்பாகையும் யூதர்களின் தொப்பியும் அதே சட்டத்தில்தான் வருகின்றன. பல்கலைக்கழக மாணவிகளுக்கு அந்தச் சட்டம் கிடையாது. அரசு ஊழியர்கள் போடக் கூடாது, அரசுக்காகச் சேவை நடத்தும் தனியாருக்கும் 2021இல் அதை நீட்டிவிட்டார்கள். குடியிருப்பு அட்டைக்குப் படம் எடுக்கும்போதும் தலை திறந்திருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதையெல்லாம் முன்பே தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

எனக்கு வலித்தது வேலை தேடியபோது. முதியோர் இல்லம் ஒன்றில் எல்லாம் பேசி முடித்த பிறகு, வேலை நேரத்தில் அதை எடுத்துவிடுவீர்களா என்று கேட்டார்கள். முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன். இப்போது பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரின் மளிகைக் கடையில் கணக்குப் பார்க்கிறேன், மரியாதையான இடம்.

மகள் விஷயம் வேறு. அவளாக விரும்பித்தான் போட ஆரம்பித்தாள், நான் சொல்லவில்லை. தினமும் பள்ளி வாசலில் கழற்றிப் பையில் வைத்துவிட்டு உள்ளே போகிறாள். 2023 ஆகஸ்ட் கடைசியில், அப்போது கல்வி அமைச்சராக இருந்த கப்ரியேல் அத்தால் அபாயாவுக்கும் தடை என்று அறிவித்தார். பள்ளி திறந்த முதல் நாள் கிட்டத்தட்ட 300 பெண்கள் அபாயாவில் வந்ததாகவும், அதில் மாற்ற மறுத்த 67 பேரைத் திருப்பி அனுப்பியதாகவும் அரசே சொன்னது. அபாயா என்பது நீளமான, தளர்வான உடை. அதே மாதிரி நீள உடையை வேறொரு பெண் போட்டு வந்தால் யாரும் தடுப்பதில்லை. அப்படியானால் வாசலில் நிற்கிறவர் உடையைப் பார்க்கிறாரா, போட்டிருக்கிற பெண்ணின் பெயரைப் பார்க்கிறாரா? என் மகள் அன்று இரவு பாவாடையை எடுத்துவைத்துக்கொண்டு "இதுக்கும் எதாவது சொல்வாங்களாம்மா?" என்று கேட்டாள்.

அங்குள்ள ஆசிரியர்கள் சொல்கிற நியாயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. வீட்டில் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் பயந்து போடுகிற பெண்கள் இருக்கிறார்கள், பள்ளி நேரமாவது அவர்களுக்குக் கிடைக்கட்டும் என்கிறார்கள். இருக்கிறார்கள்தான். எங்கள் தெருவிலேயே, புர்கா போட்டால்தான் கல்லூரி, இல்லையென்றால் வீட்டில் கிட என்று சொல்லப்பட்ட பெண்ணை எனக்குத் தெரியும். ஆனால் வற்புறுத்துகிறவனைத் தண்டிக்காமல் பெண்ணை வீட்டுக்கு அனுப்பினால் அவள் போய்ச் சேருவது அதே அண்ணனிடம்தானே? 2010 சட்டத்திலேயே, முகத்தை மூடச் சொல்லி ஒருத்தியைக் கட்டாயப்படுத்தினால் ஓர் ஆண்டு சிறை, 30,000 யூரோ அபராதம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அந்தச் சட்டத்தில் நான் மனதார ஏற்பது அதை மட்டும்தான்.

பிரான்சைத் திட்டுகிற மாமாக்களிடம் ஈரானைப் பற்றிக் கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. அங்கே 1983 முதல் போடாவிட்டால் குற்றம், முக்காடு சரியாகப் போடவில்லை என்று பிடித்துப்போன மாஸா அமினி 2022 செப்டம்பரில் காவலில் இறந்துபோனாள், 22 வயது. கழற்று என்று ஒரு அரசு, போடு என்று இன்னொரு அரசு. இரண்டுமே எனக்கு ஒன்றுதான்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், ஓசூர் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து கர்நாடகம். வகுப்பறையில் முக்காட்டைத் தடுத்த 2022 பிப்ரவரி 5 அரசாணை, அது சரிதான் என்று மார்ச் 15 உயர் நீதிமன்றத் தீர்ப்பு, அக்டோபர் 13 உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் இரு வேறு தீர்ப்பு. பெண் குழந்தையின் படிப்புதான் தன் மனதில் முதலில் நின்றது என்று, அந்த இருவரில் தடையை ஏற்காத நீதிபதி துலியா சொன்னதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பெங்களூரில் பியூ கல்லூரிக்கு இடம் பார்த்து வைத்திருந்த என் மாமா மகள், அந்த வருஷம் தன் பெண்ணை ஓசூரிலேயே பிளஸ் ஒன் சேர்த்துவிட்டாள்.

அம்மாவும் அதையேதான் என்னிடம் சொல்கிறார், "பேத்திய இங்கயே விட்டுட்டுப் போ, யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க." மகள் ஒத்துக்கொள்ளவில்லை. செப்டம்பரில் லீசே, அதாவது அங்குள்ள மேல்நிலைப் பள்ளியில் சேர்கிறாள், டாக்டருக்குப் படிக்க வேண்டுமாம். அரசு மருத்துவமனையில் வேலை என்றால் அங்கேயும் கழற்றத்தான் வேண்டும் என்றேன். தெரியும், விசாரித்துவிட்டேன் என்றாள்.